தம்புரா கேட்காத கச்சேரியில் காது எதைப் பிடித்துக்கொள்ளும்?

ஒரு ஸ்வரத்தை மட்டும் தனியாகப் பாடிக் காட்டி, "இது என்ன ஸ்வரம்?" என்று கேட்டால், எப்பேர்ப்பட்ட வித்வானும் முதலில் "ஸட்ஜம் எங்கே?" என்றுதான், அதாவது ஆதாரமான 'ஸ' எங்கே என்றுதான், கேட்பார். 'க' என்னும் காந்தாரம் காந்தாரமாவது ஸட்ஜத்தின் எதிரில் நிற்கும்போதுதான். கர்நாடக சங்கீதத்தில் அந்த ஸட்ஜத்தை நொடி விடாமல் காதுக்குக் கொடுத்துக்கொண்டே இருப்பது தம்புரா. பல சபா மேடைகளில் தம்புரா கண்ணுக்குத் தெரிகிறது, பத்தாவது வரிசைக்குக் காதில் விழுவதில்லை. பாடுவது அதே ராகம்தான். ஆனால் கேட்பவருக்குப் போய்ச் சேருவது பாதி. ஏன் அப்படி ஆகிறது, வீட்டிலும் மேடையிலும் அதைச் சரிசெய்ய என்ன வழி என்று பார்க்கலாம்.

தம்புராவில் நாலு கம்பி. பஞ்சமம், சாரணி, அனுசாரணி, மந்தரம். சாரணியும் அனுசாரணியும் ஒரே ஸட்ஜம். மந்தரம் அதற்கு ஒரு ஸ்தாயி கீழே, அதாவது ஸ-விலிருந்து அடுத்த ஸ வரையுள்ள ஒரு முழுச் சுற்று கீழே. பாடகர் தன் ஸட்ஜத்தை வைத்துக்கொள்ளும் உயரத்தைக் கட்டைக் கணக்கில் சொல்வார்கள். ஒரு கட்டை சுருதியில் மந்தரம் 65.4 ஹெர்ட்ஸ், பஞ்சமம் 98.1, நடுக் கம்பிகள் இரண்டும் 130.8. ஐந்து கட்டையில் மந்தரமே 98-இல் இருக்கும். தஞ்சாவூர்த் தம்புராவின் குடம் பலா மரம். இவ்வளவும் எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் இந்த வாத்தியத்தின் உயிர் கம்பியிலோ குடத்திலோ மட்டும் இல்லை; கம்பிகளைத் தாங்கி நிற்கும் குதிரைக்கும் கம்பிக்கும் நடுவே கிடக்கும் ஒரு துண்டு நூலில் இருக்கிறது. அதை ஜீவாளி என்பார்கள்.

குதிரையின் மேற்பரப்பு பார்க்கத் தட்டையாகத் தெரியும். உண்மையில் தண்டிப் பக்கம், அதாவது வாத்தியத்தின் நீண்ட கழுத்துப் பக்கம், மிக மெல்லிய வளைவோடு சரியும். கம்பி ஒவ்வொரு முறை அதிரும்போதும் அந்த வளைவில் உரசிப் படிந்து எழும். அந்த உரசல்தான் மேல் ஒலிகளை, அதாவது கம்பியின் அதிர்வுக்கு இரண்டு, மூன்று, நாலு மடங்காக உடன் எழும் ஒலிகளை, கிளப்புகிறது. சர் சி.வி. ராமன் 1921-இல் தம்புரா, வீணை பற்றி எழுதிய கட்டுரையின் சாரம் இதுதான். ஒரு கம்பியை எந்த இடத்தில் மீட்டுகிறோமோ, அந்த இடத்தில் அசையாமல் நிற்க வேண்டிய மேல் ஒலிகள் கிளம்பவே கூடாது என்பது பழைய விதி. சரியாக நடுவில் மீட்டினால் இரட்டைப்படை ஒலிகள் வரக் கூடாது. தம்புராவில் அவை பலமாகவே வருகின்றன. காரணம் குதிரையின் வடிவம். இதற்கு ஒரு வருஷம் முன்பே, 1920-இல், மிருதங்கம், தபலா போன்ற நம் தோல் வாத்தியங்கள் மட்டும் ஏன் ஸ்வரமாக ஒலிக்கின்றன என்பதையும் அவர் தன் சகாவோடு சேர்ந்து எழுதியிருந்தார். அங்கே வேலை செய்வது வலந்தலையின், அதாவது வலப்பக்கத் தோலின், நடுவில் பூசிய கருப்புக் கரணை.

மேல் ஒலிகள் என்றால் என்னென்ன? மந்தர ஸட்ஜத்தின் இரண்டாவது, நாலாவது, எட்டாவது எல்லாம் மேலே மேலே ஸட்ஜங்கள். மூன்றாவதும் ஆறாவதும் பஞ்சமம். ஐந்தாவது அந்தர காந்தாரம். யாரும் அதை மீட்டவில்லை, எந்தக் கம்பியும் அதற்குச் சேர்க்கப்படவில்லை, ஆனாலும் தானாகவே ஒலிக்கிறது. பஞ்சமக் கம்பிக்கும் இதே கணக்கு: அதன் மூன்றாவது ஒலி சதுச்ருதி ரிஷபம், ஐந்தாவது காகலி நிஷாதம். ஆக, நன்றாகச் சேர்ந்த ஒரு தம்புரா ஸ ரி க ப நி என்ற ஐந்து ஸ்வரங்களைத் தானே சொல்லிக்கொண்டிருக்கிறது. அந்த ஐந்தும் சேர்ந்தால் அப்படியே ஹம்ஸத்வனி! முத்துஸ்வாமி தீக்ஷிதரின் தந்தை ராமஸ்வாமி தீக்ஷிதர் உண்டாக்கியதாகச் சொல்லப்படும் இந்த ராகத்தைக் கச்சேரி ஆரம்பத்தில் பாடும்போது அரங்கமே பளிச்சென்று ஆகிறதே, அதற்கு ராகத்தின் ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் தம்புராவில் ஆதரவு இருப்பது ஒரு பெரிய காரணம் என்றே நினைக்கிறேன்.

தோடியை எடுத்துக்கொள்ளுங்கள். சுத்த ரிஷபம், ஸாதாரண காந்தாரம், சுத்த மத்யமம், சுத்த தைவதம், கைசிகி நிஷாதம். ஸட்ஜ பஞ்சமத்தைத் தவிர தோடியின் ஸ்வரங்களில் வேறு எதற்கும் தம்புரா சொல்லும் அந்த ஐந்தில் இடமில்லை. தம்புரா அந்தர காந்தாரத்தைச் சொல்லிக்கொண்டிருக்கிறது. பாடகர் அதற்குக் கீழே ரிஷபத்துக்கும் மத்யமத்துக்கும் இடையே காந்தாரத்தை ஆட்டிக்கொண்டிருக்கிறார். அந்த இழுபறிதான் தோடியின் கனம். எங்கேயும் உட்கார முடியாமல் அலைந்துவிட்டுக் கடைசியில் பஞ்சமத்தில் வந்து நிற்கும்போது நெஞ்சு இறங்குகிறதே, தம்புரா காதில் விழாதவருக்கு அதில் பாதிகூடக் கிடைக்காது. அவருக்குத் தோடி என்பது நிறைய கமகம், அதாவது ஸ்வர அசைவு, உள்ள ஒரு ராகம், அவ்வளவுதான்.

இனி தம்புராவைச் சேர்க்கும் வேலை. சாரணியிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். ஜீவாளி இல்லாமலே, கம்பியை முறுக்கும் பிரடையைத் திருப்பி வேண்டிய கட்டைக்குப் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்துங்கள். கீழிருந்து ஏற்றி நிறுத்தினால்தான் நிற்கும். மேலே போய் இறக்கினால் பிரடை கொஞ்ச நேரத்தில் நழுவும். நழுவிக்கொண்டே இருந்தால் பிரடையில் சாக்குக்கட்டித் தூள் தடவலாம். பிறகு அனுசாரணி. இரண்டையும் சேர்த்து மீட்டினால் "வாங்... வாங்..." என்று ஒரு அலை கேட்கும். நொடிக்கு எத்தனை அலையோ, இரண்டுக்கும் அத்தனை ஹெர்ட்ஸ் வித்தியாசம். அலை நீண்டு நீண்டு மறைகிற இடத்தில் நிறுத்துங்கள். அதன்பின் மந்தரம், கடைசியில் பஞ்சமம்.

இப்போது ஜீவாளி. ஒவ்வொரு கம்பிக்கும் தனித்தனியாகப் பருத்தி நூலோ பட்டு நூலோ, முறுக்கு உதிராத ஒரு சிறு துண்டு. கம்பியை லேசாகத் தூக்கி, அதற்கும் குதிரைக்கும் நடுவே நுழைத்து, ஒரு கையால் மீட்டிக்கொண்டே மற்றக் கையால் நூலை மயிரிழை மயிரிழையாக நகர்த்த வேண்டும். நூல் தண்டிப் பக்கம் அதிகம் போய்விட்டால் கம்பி குதிரையைத் தொடாமல் தூக்கி நின்றுவிடும். சத்தம் மொட்டையாக, ரீங்காரமே இல்லாமல் வரும். குதிரைக்குக் கீழே கம்பியில் கோத்த மணிகள் இருக்கும் பக்கம் அதிகம் வந்துவிட்டால் கம்பி குதிரைமேல் படுத்துக்கொள்ளும். "சர்" என்று கரகரத்து உடனே செத்துவிடும். இந்த இரண்டுக்கும் நடுவே ஓர் இடத்தில் சத்தம் திடீரெனத் திறக்கும். மீட்டியவுடன் உச்சியில் ஆரம்பிக்கும் ரீங்காரம் மெல்ல மெல்லக் கீழே இறங்கி வரும், சில நொடிகள் நிற்கும். அந்த இடத்தில் விட்டுவிட வேண்டும். அதற்குமேல் அழகு பார்க்க நகர்த்தினால் தவறிப்போகும்.

நூல் வைத்ததும் சுருதி ஒரு மயிரிழை மாறும். இதற்குத்தான் கம்பியில் கோத்த மணிகள். மணியைக் குதிரையிலிருந்து விலக்கிக் கீழே தள்ளினால் சுருதி ஏறும், குதிரைப் பக்கம் கொண்டுவந்தால் இறங்கும். கடைசிச் சேர்க்கையை மணியில்தான் செய்ய வேண்டும், பிரடையைத் தொடக் கூடாது.

எவ்வளவு நகர்த்தியும் திறக்கவில்லையென்றால் நூலைத் திட்டிப் பயனில்லை. குதிரையில் கம்பி உட்கார்ந்து உட்கார்ந்து பள்ளம் விழுந்திருக்கும். வளைவு கெட்ட குதிரையைத் தேய்த்துச் சரிசெய்வது வாத்தியம் செய்பவரின் வேலை. உப்புத்தாளை எடுத்து நாமே தேய்த்தால் குதிரையே போய்விடும். துருப்பிடித்த கம்பி, குதிரையில் படிந்த தூசி, நசுங்கித் தட்டையான பழைய நூல் இவை மூன்றும் நாமே சரிசெய்யக்கூடியவை. முதலில் அவற்றைப் பாருங்கள்.

மீட்டுவதையும் சொல்லிவிட வேண்டும். பஞ்சமத்தை நடுவிரல், மற்ற மூன்றையும் ஆள்காட்டி விரல். நகம் படக் கூடாது. விரல் நுனிச் சதை கம்பியைத் தடவிக்கொண்டு போவதுபோல, குதிரையிலிருந்து தள்ளி, கம்பியின் நடுப்பகுதியை ஒட்டி. வேகம் சீராக இருக்க வேண்டும், ஆனால் பாட்டின் தாளத்தோடு சேரக் கூடாது. தாளத்தோடு சேர்ந்துவிட்டால் காது அதை லயமாக எடுத்துக்கொண்டுவிடும். சுருதி பின்னால் போய்விடும். பின்னால் உட்கார்ந்து தம்புரா போடும் மாணவர்கள் பலரும், மிருதங்கம் தனியாக வாசிக்கும் தனி ஆவர்த்தனத்தில், தங்களை அறியாமல் செய்யும் தவறு இது.

வீட்டில் கைபேசிச் செயலியை வைத்துக்கொண்டு பாடுபவர்களே இன்று அதிகம். செயலி நல்லதுதான், கைபேசியின் ஒலிபெருக்கிதான் பிரச்சினை. அதற்கு 65 ஹெர்ட்ஸைக் கொடுக்கத் தெம்பு கிடையாது. அப்படியும் நமக்கு மந்தரம் கேட்பதுபோல இருப்பதற்குக் காரணம், மேல் ஒலிகளை வைத்து மூளையே கீழ் ஸட்ஜத்தைக் கட்டிக்கொள்வது. அடையாளம் கண்டுகொள்ள இது போதும். சாய்ந்து பாடப் போதாது. சுமாரான ஒரு தனி ஒலிபெருக்கியை இணைத்து, நாம் மெதுவாகப் பாடும்போதும் அது கேட்கிற அளவுக்கு வைத்தால் போதும். காதில் மாட்டும் கருவி வேண்டாம். தம்புரா காதுக்குள்ளும் நம் குரல் எலும்பு வழியாகவும் வந்தால் இரண்டும் காற்றில் கலக்காது, அபஸ்வரம் பிடிபடாது.

தானே ஒலிக்கும் காந்தாரத்தைக் காதுக்குப் பழக்க ஒரு வழி. ஒரு கட்டை வைத்துக்கொண்டு இரண்டு நிமிஷம் பாடாமல் கேளுங்கள். பிறகு வாயை மூடி ஸட்ஜத்தை "ம்ம்" என்று பிடித்து, "ஊ... ஓ... ஆ... ஏ... ஈ" என்று மெல்ல மாற்றுங்கள். உயிரெழுத்து மாறும்போது குரலுக்குள் இருக்கும் வேறுவேறு மேல் ஒலிகள் முன்னுக்கு வரும். தம்புராவிலும் அதே ஒலி எங்கே இருக்கிறதென்று காது கண்டுகொள்ளும். அடுத்தது அந்தர காந்தாரத்தை அசைக்காமல் நீளமாகப் பிடியுங்கள். கொஞ்சம் கூடுதலாகப் பிடித்துவிட்டு மெல்ல இறங்குங்கள். ஓர் இடத்தில் குரல் தம்புராவுக்குள் மறைந்துவிடும். அந்த இடம் கீபோர்டு காட்டும் இடம் கிடையாது. மந்தரம் 65.4 என்றால் தம்புராவின் காந்தாரம் 327 ஹெர்ட்ஸ். கீபோர்டில் அதே காந்தாரம் 329.6. இரண்டையும் சேர்த்து ஒலிக்கவிட்டால் நொடிக்கு இரண்டரை அலை அடிக்கும். கீபோர்டை வைத்துச் சுருதி பழகும் குழந்தைகளின் காந்தாரம் எப்போதும் ஒரு சிட்டிகை தூக்கலாக நிற்பதற்கு இதுதான் காரணம். அவர்கள் காது சரியாகத்தான் இருக்கிறது, கேட்டுப் பழகியதுதான் வேறு.

சுத்த மத்யமத்துக்கு இந்த உதவி கிடையாது. ஸட்ஜத்தின் மேலும் பஞ்சமத்தின் மேலும் எவ்வளவு தேடினாலும் அது வராது. அதனால்தான் ஆரம்பத்தில் மத்யமம் ஆளுக்கொரு இடத்தில் நிற்கிறது. புன்னாகவராளி, நாதநாமக்ரியை, குறிஞ்சி மாதிரி ராகங்களுக்கு மத்யமத்தையே ஸட்ஜமாக வைத்து, பஞ்சமக் கம்பியை மத்யமத்துக்கு இறக்கி, மத்யம சுருதியில் பாடும் வழக்கத்தின் அருமை அப்போது புரியும்.

சரி, மேடை. முன்பு ஒலிபெருக்கி இல்லாத நாடகக் கொட்டகையில் கடைசி வரிசைக்கும் எட்ட வேண்டியிருந்தது. கிட்டப்பா, கே.பி. சுந்தராம்பாள் போன்றோர் உச்சஸ்தாயியில் பாடிப் பேர் வாங்கிய காலம் அது. மைக் வந்ததும் சுருதி இறங்கியது, மெல்லிய அசைவுகள் மேடையேறின. அது பெரிய லாபம். நஷ்டம், தம்புரா எந்த மைக்கிலும் சரியாக விழாமல் போனது.

என்ன நடக்கிறதென்றால், பாடகர் தன் குரல் கேட்கவில்லை என்று மானிட்டரை, அதாவது மேடையில் தனக்காக வைத்த ஒலிபெருக்கியை, ஏற்றச் சொல்கிறார். உடனே வயலின், உடனே மிருதங்கம். ஏறியது இறங்குவதில்லை. மிருதங்கத்தின் இடப்பக்கத் தோலான தொப்பிக்குத் தனி மைக் வைத்து, கீழ் ஒலியைக் கூட்டிவிட்டால் "பூம்" என்று அரங்கம் அதிரும்; கைதட்டலும் கிடைக்கும். ஆனால் காதின் அமைப்பே அப்படி: பலமான கீழ் ஒலி, தனக்கு மேலே உள்ள மெல்லிய ஒலிகளை மூடிவிடும். மேலிருக்கும் ஒலியால் கீழிருப்பதை அவ்வளவாக மூட முடியாது. எனவே தொப்பியைக் கூட்டினால் முதலில் மறைவது தம்புரா, அடுத்து பாடகரின் மந்தர ஸ்தாயி. மிருதங்க வித்வானுக்கும் இதில் நஷ்டம்தான். தொப்பியில் அப்பிய ரவை ஏசி காற்றில் காய்ந்து நாதம் ஏறிக்கொண்டே போகும். அவர் தண்ணீர் தொட்டுச் சரிசெய்தாலும், கூட்டி வைத்த ஒலிபெருக்கியில் அந்த நுணுக்கம் எங்கே தெரியப்போகிறது? குச்சி மிருதங்கத்தின் வலந்தலையில் தோல்களுக்கு நடுவே செருகிய குச்சி தரும் இரைச்சல், தம்புராவின் ஜீவாளி செய்யும் அதே வேலையைச் செய்கிறது. அதுவும் "பூம்"மில் அமுங்கிவிடும்.

ஒலி அமைப்பவரிடம் கேட்க வேண்டியவை அதிகமில்லை. தம்புராவை முதலில் வைக்கச் சொல்லுங்கள், வேறு யாரும் வாசிப்பதற்கு முன். எலெக்ட்ரானிக் தம்புரா என்றால் பாடகரின் மைக்குக்குப் பக்கத்தில் சாய்த்து வைக்காமல் நேராக மிக்ஸரில் செருகி, கடைசி வரிசையில் ஒருவரை நிற்கவைத்து, அவருக்கு மெல்லக் கேட்கும் அளவில் நிறுத்திவிட வேண்டும். மரத் தம்புரா என்றால் குடத்துக்கு ஓர் அடி தள்ளி ஒரு மைக். அதன்பின் குரல், வயலின், கடைசியில் மிருதங்கம். பாடகர் ஒரு சங்கதியை முடித்து மூச்செடுக்கும் இடைவெளியில் தம்புரா எழுந்து வர வேண்டும். அதுதான் அளவுகோல். குரல் மைக்கில் 80 முதல் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிட்டால் மிருதங்கத்தின் அதிர்வு அதன் வழியாக இரண்டாம் முறை நுழையாது.

ஒலியின் மொத்த அளவையும் கவனிக்க வேண்டும். 85 டெசிபல் எட்டு மணி நேரம்வரை பாதுகாப்பு, ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதி என்பது தொழிற்சாலைகளுக்குச் சொல்லப்படும் ஒரு கணக்கு. 91-க்கு இரண்டு மணி நேரம்தான். இரண்டரை மணி நேரக் கச்சேரியை அதற்குமேல் வைத்தால் கேடு நாளைக்கு என்று நினைக்க வேண்டாம்; காது அன்றைக்கே மரத்துப்போகும், மேல் ஒலிகள் மங்கும், கடைசியில் வரும் சிறு பாட்டுகளான துக்கடாக்களில் சுருதி சுத்தம் தெரியாது.

எங்கே உட்காருவது என்பதும் ரசனையின் ஒரு பகுதி. முதலில் காதுக்கு வரும் சத்தம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறதோ, அங்கேதான் ஆள் இருப்பதாகக் காது முடிவு கட்டும். சத்தம் நொடிக்கு ஏறக்குறைய 345 மீட்டர் போகும். பாடகர் 15 மீட்டர் தள்ளி, பக்கச் சுவரின் ஒலிபெருக்கி 6 மீட்டர் தள்ளி என்றால், ஒலிபெருக்கியின் சத்தம் 26 மில்லிநொடி முந்தி வந்துவிடும். கண் மேடையைப் பார்க்கிறது, குரல் சுவரிலிருந்து வருகிறது. காரணம் தெரியாமலே மனம் களைக்கும். மேடை விளிம்பில் சிறு ஒலிபெருக்கிகள் வைத்து, பக்கத்துப் பெட்டிகளை 30, 35 மில்லிநொடி தாமதப்படுத்தினால் குரல் மேடைக்குத் திரும்பிவிடும். அப்படிச் செய்யாத அரங்கில் நடுவரிசையில், ஐந்திலிருந்து பத்தாவது வரிசைக்குள், பக்கப் பெட்டிகளுக்கு நேரே வராமல் இடம் பிடியுங்கள். மாடிக்கு அடியில் வேண்டாம்.

கண்ணும் கேட்கிறது. 2007-இல் இசை ஆய்வாளர் மைக்கேல் ஷூட்ஸ், மரக்கட்டைகளைத் தட்டி வாசிக்கும் மரிம்பா வாத்தியத்தை வைத்துச் செய்த ஆய்வில், நீண்ட கையசைவோடு அடித்த ஸ்வரம் நீளமாகக் கேட்டதாகவே பார்த்தவர்கள் சொன்னார்கள். சத்தத்தின் நீளமோ மாறவே இல்லை. வீணைக்கு இது அப்படியே பொருந்தும் என்பது என் கணிப்பு. ஒரே மீட்டில் கம்பியை இழுத்து இழுத்து நாலு ஸ்வரம் போகும்போது கடைசி ஸ்வரம் கிட்டத்தட்டக் காற்றில் கரைந்திருக்கும். இடது கை தெரிகிற இடத்தில் உட்கார்ந்தவர் அதையும் கேட்பார். வீணைக் கச்சேரிக்கு அந்தக் கை மறையாத பக்கமாக இடம் தேடுங்கள்.

கடைசியாக, கை. ஆதி தாளம் எட்டு அக்ஷரம்: ஒரு தட்டு, மூன்று விரல், பிறகு தட்டு-வீச்சு இரண்டு முறை. தொடையில் சத்தமில்லாமல் போடுங்கள். பல்லவியைத் தாளம் தொடங்கும் ஸமத்தில் எடுக்காமல் அரை இடமோ முக்கால் இடமோ தள்ளி எடுக்கும்போது, கையில் தாளம் இருப்பவருக்கு அந்த இடைவெளி உடம்பில் தெரியும். தனியில் மிருதங்கம் மூன்று முறை சொல்லி முடிக்கும் சொற்கட்டான கோர்வை, பல்லவி தொடங்கும் இடமான எடுப்பில் வந்து விழும் இடத்தை அவர் முன்கூட்டியே எதிர்பார்த்துக் காத்திருப்பார். கை நடுவில் தவறினால் பக்கத்தில் இருப்பவரின் கையைப் பார்க்காதீர்கள், அவரும் தவறியிருக்கலாம். பல்லவியின் எடுப்பு திரும்ப வரும்வரை கையை நிறுத்தி வைத்து, அங்கிருந்து பிடித்துக்கொள்ளுங்கள். முதலில் ஆதியில் மெதுவான விளம்ப காலம் இல்லாத கீர்த்தனைகள், பிறகு ரூபகம், அதன்பின் மூன்றும் நாலுமாக ஏழு வரும் மிச்ர சாபு. இந்த வரிசையில் போனால் கை தடுமாறாது.